மரியநேசனின் யன்னலுக்குக் கட்டிய வெள்ளை

மரியநேசனிடம் ஒரு கட்டிலும் ஒரு கையும் ஒரு காலும் ஒரு யன்னலும் இருந்தன. மற்றக் கையும் மற்றக் காலும் தொலைந்துவிடவில்லை, உடம்போடுதான் கிடந்தன. ஆனால் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பெடியன்களைப் போல, கூப்பிட்டாலும் கேட்காத மாதிரிக் கிடந்தன.

இடம்பெயர்ந்து போய்க் காட்டுக்கரையில் தறப்பாளுக்குக் கீழே இருந்த காலத்தில் அவருக்குப் பாரிசவாதம் அடித்தது. அதற்கு முன்பு அவர் நந்திக்கடலில் இறால் பிடித்தவர். குரலுக்குப் பேர்போனவர். இந்தக் கரையில் நின்று அவர் "தண்ணி கொண்டா" என்று கத்தினால் அந்தக் கரையில் ஆரோ செம்பைத் தூக்குவார்களாம். பாரிசவாதம் முதலில் பிடுங்கிக்கொண்டு போனது அந்தக் குரலைத்தான். இப்போது அவர் கத்தினால் பூனை மட்டும் திரும்பிப் பார்க்கும், அதுவும் குசினியில் மீன் பொரியாத நேரமாயிருந்தால். இன்னொன்றையும் அது கொண்டு போய்விட்டது. காலையில் சொன்ன விஷயம் மத்தியானம் வரை அவரிடம் தங்காது. பழைய கதையெல்லாம் அப்படியே இருக்கும். முப்பது வருசத்துக்கு முன்பு எவன் அவருடைய வலையைக் கிழித்தான் என்பதைக் கிழிந்த இடத்தோடு சொல்லுவார். ஆனால் இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பூனையைப் பார்ப்பார்.

சண்டை ஒதுங்கி ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. கூரையைக் காணவில்லை, கதவைக் காணவில்லை, யன்னல் இருந்த இடத்தில் சதுரமான ஒரு ஓட்டை இருந்தது. அவருடைய மனைவி புனிதமலர் ஓலையும் தறப்பாளும் போட்டுக் கூரையை மூடினாள். ஒரு கதவைப் போட்டாள். பிறகு கட்டிலை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "இனிக் கடலைப் பாத்துக்கொண்டு கிடவுங்கோ" என்றாள். மரியநேசன் பார்த்தார். கடலும் அவரைப் பார்த்தது. கச்சான் காற்று இரண்டு பேருக்கும் நடுவால் நுழைந்து அவருடைய கண் நிறைய மணலை அள்ளிப் போட்டது. பலகையால் அடைத்தால் கடல் தெரியாது. திறந்து விட்டால் இருமல். கண்ணாடிதான் வேணும் என்று புனிதமலர் தீர்மானித்தாள்.

இரண்டாயிரமாம் ஆண்டில், வன்னிக்குள், கண்ணாடி. அரசாங்கத் தடையால் சீமெந்து வராது, பொலித்தீன் வராது, பற்றரி வராது. இதில் யன்னல் கண்ணாடிக்கு எங்கே போவது? கடைசியில் புதுக்குடியிருப்பில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை ஒன்றில் அவள் போய் நின்றாள். அந்த நாட்களில் படத்துக்குச் சட்டம் போடுகிறவனுக்கு வேலை குறைவில்லை. இளம் பிள்ளைகளின் படமாகத்தான் வந்துகொண்டிருந்தது. கடைக்காரன் இலேசில் கண்ணாடி தரவில்லை. "உயிரோடை இருக்கிற மனிசனுக்கும் ஒருக்கால் தாவன் தம்பி" என்று அவள் சொன்னாளாம். அதற்குப் பிறகு அவன் வெட்டிக் கொடுத்தான். படத்தளவுச் சதுரங்களை இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்துக் கட்டி, சைக்கிள் கரியரில் ஏற்றி, ஏறி ஓடாமல் முழுத் தூரமும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து வந்தாள். குண்டும் குழியுமான வழியில் ஒரு கிடங்குக்கு ஒரு செபம். தச்சன் முதிரைப் பலகையில் இரட்டைக் கதவு செய்து அந்தச் சதுரங்களைப் பொருத்தினான்.

அன்றையிலிருந்து மரியநேசனுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. விடிய எழும்பி யன்னலுக்குள்ளால் கடலில் நிற்கிற எல்லாரையும் ஏசிப் பேசுவது. "உங்கை பார், உந்த விசரன் நீரோட்டத்துக்கு எதிராய் வலை போடுறான். அடேய்!" அந்த விசரனுக்கு ஒன்றும் கேட்காது. கேட்காததால் இரண்டு பேருக்கும் சந்தோசம்.

இப்போது பிரச்சினை சுவரில் வந்தது. வெளிச்சுவர் பூசாமல் வெறும் கல்லாக நின்றது. துப்பாக்கிச் சன்னம் பட்ட துளைகள் வேறு. மாரி தொடங்கினால் தண்ணீர் உள்ளே ஊறி, சுவர் யன்னலோடு சேர்ந்து இடிந்து இருந்துவிடும். மழைக்கு முன்பு பூச வேண்டும். சீமெந்து இல்லாததால் சிப்பிச் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூச மேசன் சிவராசா வந்தான். சிவராசா மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் தகப்பனோடு வந்து வன்னியில் குடியேறியவன், மேசன் வேலை இல்லாத நாளில் தோட்டம் செய்கிறவன். அவன் யன்னலைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"அம்மா, சுண்ணாம்பு தெறிச்சு கண்ணாடியில காஞ்சிச்சுன்னா வெள்ளையா பூத்துப்போகும். பெறகு எத்தன வாட்டி கழுவினாலும் போகாதுங்க."

"போகாதோ?"

"ஐயாவுக்கு கடல் தெரியாது. பனி தெரியும். வருசம் பூரா பனி."

புனிதமலர் அன்றைக்கே யன்னலை மூடுகிற வேலையில் இறங்கினாள். முதலில் கோதுமை மாவில் பசை காய்ச்சிப் பழைய பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டினாள். அழகாக ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ஆடுகள் வந்து பசையோடு சேர்த்துத் தலைப்புச் செய்தியைச் சாப்பிட்டு, விளையாட்டுச் செய்தியையும் சாப்பிட்டு, கண்ணாடியை நக்கித் துடைத்துவிட்டுப் போயின. ஒரு கிடாய் மட்டும் கண்ணாடிக்குள் தெரிந்த தன் முகத்தோடு முட்டப் பார்த்தது. மரியநேசன் உள்ளேயிருந்து செம்பால் தட்டிக் கலைத்திருக்காவிட்டால் கதை அதோடு முடிந்திருக்கும். அடுத்ததாக உரப்பையை வெட்டிக் கட்டிப் பார்த்தாள். தண்ணீரை ஊற்றினால் பின்னல் இடைவெளியால் தாராளமாக உள்ளே வந்தது. கடைசியில் அலுமாரியின் அடியிலிருந்து கலியாணத்துக்கு வாங்கிய வெள்ளைக் கட்டில் சீலைகள் இரண்டை எடுத்தாள். அவற்றை இடம்பெயர்ந்தபோதும் தலையில் சுமந்து கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவள். ஒருநாளும் விரித்தவளில்லை. தண்ணீரில் நனைத்து இரட்டையாக மடித்துக் கட்டினால் தெறிக்கிற சுண்ணாம்பு ஈரத்தோடு வழிந்துபோகும் என்று சிவராசாவும் தலையாட்டினான்.

காலையில் அவள் மரியநேசனுக்குச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, யன்னலை மூடப்போறன். சுவர் பூசி முடியுமட்டும்தான்."

"ஏன்?"

"பூச்சுத் தெறிக்குமல்லோ."

"தெறிச்சால்?"

"கண்ணாடி பழுதாப்போம். உங்களுக்குக் கடல் தெரியாது."

"இப்ப மூடினாலும் தெரியாதுதானே?"

அதில் நியாயம் இருந்தது, அதுதான் புனிதமலருக்கு எரிச்சல். "சும்மா கிடவுங்கோ" என்றாள். வெளியே போய்ச் சீலையைக் கட்டினாள். கடல் ஒரு பக்கத்திலிருந்து மறையத் தொடங்கியது. முதலில் வள்ளங்கள் போயின, பிறகு அந்தக் கரைத் தாழங்காடு, கடைசியில் புனிதமலரின் முகம். "தொலைஞ்சு போ" என்று மரியநேசன் சீலையைப் பார்த்துச் சொன்னார். பூனை திரும்பிப் பார்த்தது. பிறகு செய்கிறதுக்கு ஒன்றும் இல்லாததால் நித்திரையாகிவிட்டார்.

அவர் நித்திரையாகக் கிடந்த நேரத்தில் வெளியில் நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர்ச் சனம் மாதிரி வாசிக்கிறவர்களும் குழம்பிப் போவார்கள்.

சிவராசா ஏறி நின்று பூசுவதற்காகச் சுவருக்கு முன்னால் கம்புகள் நட்டு, குறுக்குக் கம்பும் கட்டினான். அந்தக் குறுக்குக் கம்பு யன்னலுக்குச் சரி நடுவால் போனது. கீழே விழுகிற கலவை மண்ணோடு சேராமல் இருக்கப் பச்சைத் தென்னோலையைச் சுவர் நீளத்துக்குப் பரப்பினான். வீட்டுக்குள் இருந்த கதிரைகளைப் புனிதமலர் முற்றத்தில் கொண்டுவந்து போட்டாள், தாழ்ந்த இடத்தை அவற்றில் ஏறிப் பூசலாம் என்று. சுண்ணாம்புத் தூசியும் ஆடும் உள்ளே போகாமல் கதவைச் சாத்திக் கயிற்றால் கட்டினாள். எல்லாம் ஆயத்தம். சுண்ணாம்பைக் குழைக்கப் பார்த்தால் கால்வாசிச் சுவருக்குக்கூடக் காணாது. இரண்டு பேரும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சூளைக்குப் போனார்கள். ஐயா நித்திரைதானே, எழும்ப முன்னம் வந்துவிடலாம்.

அந்தத் தெருவால் மீன் கூடையோடு வந்தவள் புனிதமலரின் தங்கச்சி கலிஸ்ரா. படலையைத் தாண்டும்போது பார்த்தாள். வீட்டுக்கு வெள்ளை கட்டியிருக்கு. முற்றத்தில் பந்தல் கம்பு நட்டிருக்கு. நிலத்தில் தென்னோலை. கதிரை எல்லாம் வெளியில். கதவு சாத்தியிருக்கு. உள்ளே வருசக்கணக்காகக் கட்டிலில் கிடக்கிற மனிதன்.

அந்தக் கரையில் பிறந்த எவளுக்கும் இதைக் கூட்டிப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

கலிஸ்ரா கூடையைத் தெருவில் போட்டுவிட்டு, "என்ரை அக்கா! ஐயோ என்ரை அக்கா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். செத்தவர் அத்தான் என்றாலும் அழுகை முதலில் உயிரோடு மிஞ்சியவளைத்தான் தேடிப் போகும். அந்தச் சத்தத்துக்கு ஊர் எழும்பியது. முதல் ஆளாக வந்தவர் மெல்ரொன். இவர் அடுத்த வளவுக்காரர். செத்த வீடு என்றால் பெட்டி, பந்தல், கோப்பி எல்லாவற்றையும் தானே பொறுப்பெடுத்து நடத்துகிறவர். கலியாண வீட்டில் அவரை ஒருவரும் தேடுவதில்லை. அதனால் இப்படியான இடத்தில் கொஞ்சம் உற்சாகமாகவே நிற்பார்.

"கதவைத் தட்டாதையுங்கோ பிள்ளையள். உள்ளுக்குக் குளிப்பாட்டுகினம் போலை. உடுப்பு மாத்தி முடியத் திறப்பினம்" என்றார். கதவுக் கயிறு வெளியால் கட்டியிருப்பதை அவர் கவனிக்கவில்லை. கம்புகளை ஆட்டிப் பார்த்தார். "ஆர் நட்டது? நல்ல உறுதி." பிறகு ஒருவனைச் சைக்கிளில் கோயிலுக்கு அனுப்பினார், துக்க மணி அடிக்கச் சொல்லி. இன்னொருவனைப் பெட்டிக்கு அனுப்பினார். பெண்கள் ஓலையில் குந்தி வட்டமாகக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள்.

உள்ளே மரியநேசன் கண்ணைத் திறந்தார்.

இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. விடியப் போகிற நேரத்துச் சாம்பல் நிறம். காலையில் புனிதமலர் சொன்னதெல்லாம் அவருடைய தலையிலிருந்து எப்போதோ இறங்கிப் போய்விட்டது. "ஐயையோ, பிந்திப்போச்சு. வள்ளமெல்லாம் வெளிக்கிட்டிருக்கும்" என்று எழும்பப் பார்த்தார். ஒரு கால் வந்தது. மற்றது வரவில்லை. ஓ, அப்படியா, என்று ஞாபகம் வந்தது. சரி, கடலையாவது பார்ப்போம் என்று திரும்பினார்.

கடலைக் காணவில்லை.

யன்னல் இருந்தது. மரம் இருந்தது. சதுரம் சதுரமாகக் கண்ணாடியும் இருந்தது. அதற்கு வெளியே இருக்க வேண்டிய உலகத்தை ஆரோ அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். வெறும் வெள்ளை. கண்ணைக் கசக்கிப் பார்த்தார். அதே வெள்ளை. விடிகிற நேரம் என்றால் சேவல் கூவ வேண்டும், கூவவில்லை. பனி என்றால் குளிர வேண்டும், வேர்த்தது. மத்தியானம் என்றால் வெயில் எங்கே? இந்தக் கணக்கை அவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது.

பிறகு மூக்கில் ஏறியது சுண்ணாம்பு மணம். அந்த மணம் அவருக்கு நல்லாய்த் தெரியும். ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் நாள் சவக்காலைக் கல்லறைகளுக்கு வெள்ளை அடிக்கிற மணம். சவக்காலை எப்படிக் கட்டிலடிக்கு வந்தது?

அப்போதுதான் சத்தம் காதுக்குள் போனது. பெண்கள் அழுகிறார்கள். ஒருத்தி இல்லை, கூட்டமாக. முற்றத்தில் கதிரை இழுபடுகிறது. ஆம்பிளைகள் தாழ்ந்த குரலில் கதைக்கிறார்கள். செத்த வீட்டில் கதைக்கிற குரல். பல செத்த வீட்டில் அவரும் அந்தக் குரலில் மீன் விலை கதைத்திருக்கிறார்.

ஆர் செத்தது?

"மலர்" என்று கூப்பிட்டார். "எடி மலர், ஆர் வீட்டிலை?"

பதில் இல்லை. எப்போது கூப்பிட்டாலும் குசினியிலிருந்து "வாறன், பொறுங்கோ" என்று ஒரு சலிப்புச் சத்தம் வரும். அந்தச் சலிப்பு வரவில்லை.

வெளியில் கலிஸ்ராவின் குரல் மற்றக் குரல்களுக்கு மேலால் எழும்பியது. "என்ரை அக்கா! நீ பட்ட பாடெல்லாம் இதுக்குத்தானோ என்ரை அக்கா!"

கலிஸ்ராவுக்கு ஒரேயொரு அக்காதான்.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அந்தக் கோயிலில் ஆம்பிளைக்கு ஒரு மாதிரி, பொம்பிளைக்கு ஒரு மாதிரித்தான் துக்க மணி அடிப்பார்கள். மரியநேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நடுவில் அழுகை பெருகி மணியை விழுங்கிவிட்டது. மிச்சத்தைக் கேட்டார். ஆம்பிளை மாதிரியும் இருந்தது. பொம்பிளை மாதிரியும் இருந்தது.

காலையில் என்ன நடந்தது? தலைக்குள் கையை விட்டுத் துழாவினார். வலை இருந்தது, இறால் இருந்தது, கலியாணத்தன்று மலர் செருப்பு இறுக்கி நொண்டி நொண்டிக் கோயிலுக்குள் வந்தது இருந்தது. தறப்பாளுக்குக் கீழே மழைக்குள் தன்னைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் விடியும்வரை நின்றது இருந்தது. ஆனால் இன்றைய காலை இல்லை. ஒரு துண்டு மட்டும் கையில் தட்டுப்பட்டது. மறைந்துகொண்டு போகிற அவளுடைய முகம். தான் சொன்ன "தொலைஞ்சு போ".

"நான் பகிடிக்குச் சொன்னனான்" என்றார் மரியநேசன், வெள்ளையைப் பார்த்து. "எடி, பகிடிக்கு."

முற்றத்தில் ஒருவர் மெல்ரொனிடம், "உள்ளுக்கை ஆம்பிளைக் குரல் ஒண்டு கேட்டமாதிரிக் கிடந்தது" என்றார்.

"குளிப்பாட்டிறவையாய் இருக்கும்" என்றார் மெல்ரொன். "சில பேர் குளிப்பாட்டேக்கை கதைச்சுக்கொண்டுதான் செய்வினம்."

மரியநேசன் நல்ல கையால் யன்னல் கொளுக்கியைக் கழற்றித் தள்ளினார். திறக்கவில்லை. வெளியே ஏதோ தடுத்தது. சிவராசாவின் குறுக்குக் கம்பு அது, அவருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு முறை தள்ளினார். கம்பு அசையவில்லை. மெல்ரொன் சொன்ன மாதிரி, நல்ல உறுதி.

கையில் செம்பு தட்டுப்பட்டது.

அவருக்குக் கண்ணாடியின் அருமை தெரியாமல் இல்லை. இந்த யன்னலில் ஈ இருந்தாலே சத்தம் போடுகிறவர். இதை உடைத்தால் இன்னொன்று வராது என்பதும், இது போனால் தனக்கு மிஞ்சுவது ஓலைக்கூரையும் பூனையும்தான் என்பதும் இன்றைக்கு அவருக்கு நினைவில் நின்ற ஒன்றிரண்டு விஷயங்கள். நினைவோடுதான் ஓங்கி அடித்தார்.

கண்ணாடி கலகலவென்று போனது. ஓட்டைக்குள்ளால் கையை விட்டு வெள்ளைச் சீலையைப் பிடித்து இழுத்தார்.

முற்றத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் கண்டது இதுதான். செத்த வீட்டின் வெள்ளைக்குப் பின்னால் ஏதோ உடைகிறது. வெள்ளை அசைகிறது. அதற்குள்ளிருந்து இரத்தம் வழிய ஒரு கை வெளியே வந்து தடவுகிறது.

கலிஸ்ரா வாயை மூடாமலே அழுகையை நிற்பாட்டினாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். ஓலை கிழிந்தது, கதிரை கவிழ்ந்தது. படலையின் அகலம் ஒரு ஆளுக்குத்தான், ஒன்பது பேர் ஒன்றாகப் போனார்கள். மெல்ரொன் மட்டும் ஓடவில்லை. தைரியத்தால் அல்ல, அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் கம்பில் மாட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் புனிதமலரும் சிவராசாவும் தள்ளுவண்டியோடு படலைக்கு வந்தார்கள். சூளையில் காற்று மாறி அடித்ததால் புனிதமலர் தலை, முகம், இமை எல்லாம் சுண்ணாம்புத் தூள் பூத்து வெள்ளையாக நின்றாள். ஓடி வந்த கலிஸ்ரா நேரே அவளுடைய நெஞ்சில் மோதினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயோ, அக்காவும் போட்டாள்!" என்றபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ஆரடி போனது? எங்கை போனது?" என்றாள் புனிதமலர். ஒருவரும் நின்று பதில் சொல்கிற நிலையில் இல்லை. யன்னலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். வண்டியை விட்டுவிட்டு ஓடினாள்.

சீலை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. உடைந்த சதுரத்துக்குள்ளால் மரியநேசன் பார்த்தார். வெயில் கண்ணைக் கூசியது. வெயிலுக்குள்ளிருந்து, தலை முதல் கால் வரை வெள்ளையாக, மலர் காற்றில் மிதக்கிற மாதிரி ஓடி வந்தாள். வந்திட்டாள், கூட்டிக்கொண்டு போக வந்திட்டாள் என்று விளங்கியது. அவருக்குப் பயமே இல்லை.

"வாறன் மலர்" என்றார். "கொஞ்சம் பொறு. உன்னோடையே வாறன்."

"எங்கை வாறியள்? கையைப் பாருங்கோ! ரத்தம்!"

மரியநேசன் யோசித்தார். செத்த ஆட்கள் இரத்தத்துக்கு இப்படிச் சத்தம் போடுவார்களா? அதுவும் வழக்கமான அதே சலிப்போடு?

"நீ செத்துப்போட்டாய்" என்றார், மெதுவாக, அவளுக்கு இன்னும் தெரியாதாக்கும் என்று நினைத்து.

"ஆர் சொன்னது?"

"மணி அடிச்சது."

பின்னால் கம்பிலிருந்து சாரத்தைக் கழற்றிக்கொண்டு மெல்ரொன் வந்தார். "மணி உங்களுக்கல்லோ அண்ணை அடிச்சது" என்றார்.

"எனக்கோ? நான் எப்ப செத்தனான்?"

"நீங்கள் சாகேல்லை" என்றாள் புனிதமலர்.

"அப்ப ஆர் செத்தது?"

ஓடினவர்கள் ஒவ்வொருவராய் முற்றத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மெல்ரொன்தான் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதுதானே, இப்ப ஆர் செத்தது? நான் பெட்டிக்கும் சொல்லிப்போட்டன்."

புனிதமலர் வெள்ளையைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள், ஓலையைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கூட்டினாள். "அட ஆண்டவரே" என்றாள். சிவராசா அவசரமாக ஓலையைச் சுருட்டத் தொடங்கினான். தெருவில் கலிஸ்ராவின் மீனில் பாதியை நாய்கள் பொறுப்பெடுத்துவிட்டன.

புனிதமலர் கதவைத் திறந்து உள்ளே போய் அவருடைய கையைக் கழுவி, சீலையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். கண்ணாடித் தூளைக் கட்டிலிலிருந்து தட்டினாள். பிறகுதான் யன்னலைப் பார்த்தாள். ஒரு சதுரம் போய்விட்டது. அந்த இடத்தில் விரலை வைத்து ஓரத்தைத் தடவினாள். புதுக்குடியிருப்பிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த சைக்கிள் அவளுடைய கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். ஏச்சு வரும் என்று மரியநேசன் தலையணைக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டார்.

"ஏன் உடைச்சனீங்கள்?" என்றாள். அவ்வளவுதான்.

"நீ இல்லையெண்டால் உதுக்குள்ளாலை நான் என்னத்தைப் பாக்கிறது?"

சரிந்த வாயால் சொன்னதால் பாதிதான் வெளியே வந்தது. அவள் மற்றப் பாதியைக் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்தாள். சுண்ணாம்பு ஈரத்தோடு சேர்ந்து கன்னத்தில் கோடாக இறங்கியது.

வெளியில் சிவராசா குழைத்துவிட்டான். குழைத்ததைக் காயவிட முடியாது, மாரியும் காத்திருக்காது. "அம்மா, சீலைய கட்டிட்டு தொடங்கவா?" என்று கேட்டான்.

"கட்டக்கூடாது" என்றார் மரியநேசன் உள்ளேயிருந்து. அவருடைய பழைய குரலில் கால்வாசி அதில் இருந்தது.

"கட்டாட்டித் தெறிக்குமே ஐயா. தெறிச்சா உடனே தொடைக்கணும். காயவிட்டா போச்சு."

புனிதமலர் ஒரு வாளித் தண்ணீரும் கிழிந்த சீலைத் துண்டும் எடுத்துக்கொண்டு போய் யன்னலுக்கு முன்னால் நின்றாள். சிவராசா கலவையைச் சுவரில் அடித்தான். தெறித்தது. துடைத்தாள். அடித்தான், துடைத்தாள். கலிஸ்ரா தண்ணீர் மாற்றிக் கொடுத்தாள், இடையிடையே விக்கிக்கொண்டே. மெல்ரொன் பெட்டி வேண்டாம் என்று சொல்லச் சைக்கிளில் போனார். போகிற வழியெல்லாம் ஆட்கள் மறித்து ஆர் செத்தது என்று கேட்டார்கள். எங்கே தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல் அவர் "ஒருதரும் இல்லை" என்றார். ஒருவரும் நம்பவில்லை.

உள்ளே மரியநேசனுக்குக் கடல் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க மலர்தான். ஒரு சதுரத்தில் முழங்கை, ஒரு சதுரத்தில் வளையல், ஒரு சதுரத்தில் சுண்ணாம்பு பூத்த காது. எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீரும் அரை வள்ளமும். அந்த அரை வள்ளத்தில் எவனோ வலையைப் பிழையாகப் போட்டான். மரியநேசன் அவனைப் பேசவில்லை.

வெயில் சரிந்தபோது அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. கையில் ஏன் கட்டு, முற்றத்தில் ஏன் இத்தனை கால் தடம், கலிஸ்ரா ஏன் தன்னைப் பார்த்துப் பார்த்து மூக்கைச் சீறுகிறாள், ஒன்றும் விளங்கவில்லை. கேட்கலாம் என்றால் எதை முதலில் கேட்பது என்றும் விளங்கவில்லை.

புனிதமலர் சுற்றி வந்து கதவால் நுழையாமல், வெளியில் நின்றபடியே தேத்தண்ணிக் கோப்பையை அந்த வெறும் சதுரத்துக்குள்ளால் நீட்டினாள். மரியநேசன் நல்ல கையால் வாங்கினார். வாங்கிவிட்டு ஓட்டையைப் பார்த்தார்.

"இதென்ன, இதிலை கண்ணாடி போடேல்லை?"

"தேத்தண்ணி தாறதுக்கு" என்றாள் புனிதமலர்.

மரியநேசன் ஒரு வாய் குடித்தார். நல்ல சூடு. ஓட்டையைத் திரும்பவும் பார்த்தார். கட்டிலில் கிடக்கிறவனுக்கு இப்படி ஒரு வழி வைக்க வேணும் என்று இத்தனை நாளாய் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கெட்டிக்கார மேசன்" என்றார்.